கழற்றுவதற்குக் கூலி

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன் நம் சங்க மலருக்கு எழுதினால் ரயிலைப் பற்றித்தான் எழுதுவான் என்று அன்பர்கள் எதிர்பார்ப்பது நியாயம். இந்த முறை விஷயம் டாங்க். அதுவும் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிற டாங்க். வீட்டில் பேரப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இந்த ஆட்டங்கள் புதிதல்ல. பத்து வயசுக்கு மேல் ஆன பையன் இருக்கும் வீட்டில், அடைத்த கதவுக்குப் பின்னாலிருந்து 'டமார் டமார்' என்று சத்தம் வந்தபடி இருக்கும். நாமும் சாப்பிட வாடா என்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்து விடுகிறோம்.

நான் பேசாமல் இருக்க முடியாத நிலைமை சென்ற கோடை விடுமுறையில் வந்தது. பேரனுக்குப் பதினைந்து வயசு. அவன் ஆடுவது 'வேர்ல்டு ஆஃப் டாங்க்ஸ்' என்ற ஆட்டம். பெலாரஸ் நாட்டு மின்ஸ்க் நகரில் 1998-ல் தொடங்கிய 'வார்கேமிங்' என்ற கம்பெனி, 2010-ல் ரஷ்யாவிலும் 2011-ல் மற்ற நாடுகளிலும் வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு 15 பேர், எதிர்ப்பக்கம் 15 பேர். ஆளுக்கு ஒரு டாங்க். ஆடுவதற்குக் காசு கிடையாது. காசு எங்கே வருகிறது என்பதில்தான் சமாசாரம் இருக்கிறது.

"தாத்தா, உங்க போன்ல கொஞ்சம் கோல்டு வாங்கித் தாங்க, அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்" என்று ஒரு மத்தியானம் வந்து நின்றான். எதற்கடா என்றேன். "ஒரு சாமானைக் கழற்றணும்" என்றான். மாட்டுவதற்குக் காசு கேட்டால் எனக்குப் புரியும். முப்பத்து நாலு வருஷம் பட்டறையில் இருந்தவனிடம் வந்து, கழற்றுவதற்குக் காசு என்றால்? உட்காரடா, முழுக்கச் சொல் என்றேன். அன்று தொடங்கிய விசாரணை மூன்று வாரம் நடந்தது. கற்றுக்கொண்டதை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தில் இரண்டு வகை நாணயம் முக்கியம். சண்டை போட்டுச் சம்பாதிப்பது 'கிரெடிட்'. ரூபாய் கொடுத்து வாங்குவது 'தங்கம்'. ஒரு தங்கத்தைக் கொடுத்தால் 400 கிரெடிட் தருவார்கள். கிரெடிட்டைக் கொடுத்தால் தங்கம் தர மாட்டார்கள். நம் பிரேக் குழாய்களில் 'நான்-ரிட்டர்ன் வால்வு' ஒன்று இருக்கும். காற்று ஒரு பக்கம்தான் போகும், திரும்பி வராது. இந்த ஆட்டத்தின் பொருளாதாரம் முழுவதும் அப்படி ஒரு வால்வின் மேல் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

டாங்க்கை மேம்படுத்துவதிலும் இரண்டு வகை. பீரங்கி, கோபுரம், இஞ்சின், சக்கரச் சங்கிலி, ரேடியோ இவை வண்டியின் உறுப்புகள். சண்டையில் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைச் செலவழித்து நல்ல இஞ்சினைக் 'கண்டுபிடித்து', கிரெடிட் கொடுத்து வாங்கி மாட்டலாம். பழைய இஞ்சின் கிடங்குக்குப் போகும். பிடிக்கவில்லையென்றால் பழையதையே எடுத்துத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், கூலி கிடையாது. ஆனால் இடையில் கைச்செலவுக்கு என்று பழையதை விற்றிருந்தால், பாதி விலைதான் கிடைத்திருக்கும். திரும்ப வேண்டுமென்றால் முழு விலை. அமெரிக்க 'ஷெர்மன்' வண்டியில் 76 மில்லிமீட்டர் நீளக் குழலும் மாட்டலாம், 105 மில்லிமீட்டர் குட்டைக் குழலும் மாட்டலாம். இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. இன்று இது, நாளை அது என்று மாற்றுகிறவர்கள் எதையும் விற்பதில்லை.

இரண்டாவது வகை, மேலே பொருத்தும் துணைச் சாமான்கள். குண்டை வேகமாக உள்ளே தள்ளும் 'ராம்மர்', பூச்சுப் பூசிய கண்ணாடிகள், பீரங்கி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் 'ஸ்டெபிலைசர்' போன்றவை. இவற்றைக் கிரெடிட் கொடுத்து வாங்கலாம். மாட்டிய பிறகு கழற்ற வேண்டுமானால் இரண்டே வழி. 10 தங்கம் கொடுத்தால் பத்திரமாகக் கழன்று கிடங்குக்கு வரும். கொடுக்காவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்; சாமான் போச்சு. தொடக்க ஆண்டுகளில் உருமறைப்பு வலை, பைனாகுலர், கருவிப்பெட்டி போன்ற சில்லறைச் சாமான்களை மட்டும் கூலி இல்லாமல் கழற்றலாம் என்று வைத்திருந்தார்கள். 2020 ஆகஸ்டில் வந்த 1.10 பதிப்பில் சாமான் வரிசையையே மாற்றி அமைத்தார்கள். கழற்றும் கூலி என்ற தத்துவம் மட்டும் போகவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜத்தில் ஒரு டாங்க்கின் இஞ்சினை மாற்ற கிரேன் வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இங்கே அது ஒரு சொடுக்கில் இலவசம். நாலு திருகாணியில் நிற்கிற கண்ணாடியைக் கழற்றுவதற்குத் தங்கம்! எந்த ஃபோர்மன் இந்த ரேட்டுப் பட்டியலைப் போட்டான் என்று கேட்டேன். பேரனுக்கு ஃபோர்மன் என்றால் யார் என்று தெரியவில்லை. அது வேறு கதை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், கழற்றினால் கெடும் என்பதே அபத்தம் என்று சொல்ல முடியாது. ரயில் சக்கரத்தை அச்சில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தின் துளை, அச்சின் இருக்கையைவிட இழையளவு சிறியது. பல டன் அழுத்தத்தில் பிரஸ் வைத்துத் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். போல்ட் இல்லை, ஆணி இல்லை, அந்த இறுக்கமே பிடிமானம். அதைத் திரும்பத் தள்ளி எடுக்கும்போது இருக்கையில் கீறல் விழும். லேத்தில் போட்டு ஒரு பூச்சு சீவினால் அச்சு மெலியும். பழைய சக்கரம் அதற்குப் பொருந்தாது. துளை சிறிய வேறு சக்கரம் தேட வேண்டும். ஒரு சாதாரண 'ஸ்பிளிட் பின்' கூட அப்படித்தான். விரித்து எடுத்த பின்னைத் திரும்பப் போடக்கூடாது, புதுசுதான் போட வேண்டும். எங்கள் பட்டறையில் எதையும் பொருத்துவதற்கு முன் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, "இது போல்ட்டா, ரிவெட்டா?" என்பதுதான். போல்ட் என்றால் நாளை மனம் மாறலாம். ரிவெட் என்றால் உளியும் சுத்தியும் வேண்டும், ரிவெட் மிஞ்சாது.

நிஜ டாங்க்குகளின் சரித்திரத்திலும் இது உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் அமெரிக்க ஷெர்மனில் தங்களுடைய '17 பவுண்டர்' பெரிய பீரங்கியை ஏற்றி 'ஃபயர்ஃபிளை' என்று பெயர் வைத்தார்கள். பீரங்கி பின்னுக்கு உதைக்க கோபுரத்துக்குள் இடம் போதவில்லை. ரேடியோவை எடுத்து கோபுரத்தின் முதுகில் ஒரு கவசப்பெட்டி வைத்து அதில் போட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த மெஷின்கன் ஆளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் குண்டுகளை அடுக்கினார்கள். ஒரு பீரங்கியை மாற்றப் போய் ஒரு மனிதனின் நாற்காலியே போயிற்று. நம் ராணுவமும் ரஷ்ய டி-55 வண்டிகளில் இருந்த 100 மில்லிமீட்டர் பீரங்கியை எடுத்துவிட்டு, நம் ஆவடித் தொழிற்சாலையில் உருவான 'விஜயந்தா'வில் இருந்ததைப் போன்ற 105 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தியது. குண்டு ஒரே ஜாதியாக இருந்தால் சப்ளை எளிது. இப்படிச் செய்ததை யார் திரும்பப் பழையபடி ஆக்குவார்கள்?

ஆட்டக் கம்பெனிக்கு இந்தக் கஷ்டம் ஒன்றும் கிடையாது. அவர்களுடைய ராம்மர் வெறும் ஒரு எண். கழற்றினால் கீறல் விழாது. அப்படியிருக்க ஏன் கூலி? பேரன், "காசு பிடுங்கத்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்தான். ஓரளவு சரி. முழுக்கச் சரி இல்லை.

ஐஸ்லாந்து நாட்டு 'சி.சி.பி.' கம்பெனியின் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளிக் கப்பல் சண்டை 2003 முதல் நடந்து வருகிறது. அதில் கப்பலின் உடம்போடு பொருத்தும் 'ரிக்' என்ற சாமானைக் கழற்றினால் அது அழிந்துவிடும். தங்கம் கொடுத்தாலும் மீளாது. (2017-ல் ஒரு குறிப்பிட்ட ரகக் கப்பலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.) அங்கே சாமானைத் தயாரிப்பதும் ஆடுகிறவர்கள், விற்பதும் அவர்கள், வாங்குவதும் அவர்கள். எதுவும் அழியாவிட்டால் சந்தையில் சரக்கு குவிந்து விலை விழுந்துவிடும், தயாரிக்கிறவனுக்குப் பிழைப்பு இருக்காது. அந்தச் சந்தையைக் கவனிக்க 2007-ல் ஒரு பொருளாதார நிபுணரையே அந்தக் கம்பெனி வேலைக்கு அமர்த்தியது என்றால் பாருங்கள். தொட்டியில் குழாய் திறந்திருந்தால் அடியில் ஒரு ஓட்டையும் வேண்டும். ஒவ்வொரு சண்டையிலும் கிரெடிட் கொட்டுகிறது. எங்கேயாவது வடியாவிட்டால் அந்தக் காசுக்கு மதிப்பு இராது. உடைந்துபோகும் ராம்மர் அப்படி ஒரு வடிகால்.

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடிகால் மட்டும்தான் நோக்கம் என்றால் கழற்றும் கூலியைக் கிரெடிட்டிலேயே வாங்கியிருக்கலாமே? ஐம்பதாயிரம் கிரெடிட் என்று போட்டிருந்தால் வடிய வேண்டியது வடிந்திருக்கும். தங்கத்தில் கேட்பது வேறு காரியத்துக்காக. இதே மாதிரி இன்னொரு ஆட்டமான 'வார் தண்டர்', 2012-ல் வந்தது, அதில் வாங்கிய மேம்பாடுகளைச் சும்மா டிக் எடுத்துவிட்டால் போதும், கழன்றுவிடும்; திரும்ப டிக் போட்டால் மாட்டிக்கொள்ளும். கூலி இல்லாமலும் ஒரு ஆட்டம் நடக்கும் என்பதற்கு இது சாட்சி. (அவர்கள் தர்மவான்கள் என்று எண்ண வேண்டாம். அடிபட்ட வண்டியை ரிப்பேர் செய்வதற்கான கட்டணம் முதலான விஷயங்களுக்காக 2023 மே மாதத்தில் ஆடுகிறவர்கள் திரண்டு பல்லாயிரக்கணக்கில் கண்டன விமரிசனம் எழுத, கம்பெனி இறங்கி வந்தது.)

இனி எங்கள் கணக்கு. ஒரு ஃபூல்ஸ்கேப் தாளை எடுத்து, ரயில்வே எஸ்டிமேட் போல இரண்டு பத்தியாகப் போடச் சொன்னேன். அவனிடம் இருந்தது ஐ.எஸ்.-3 என்ற ரஷ்ய வண்டி. (1945 செப்டம்பரில் பெர்லினில் நடந்த வெற்றி அணிவகுப்பில் இந்த வண்டியைப் பார்த்துத்தான் நேச நாட்டுத் தளபதிகள் திகைத்தார்கள்.) அடுத்த படியில் உள்ள டி-10 வாங்க கிரெடிட் போதவில்லை. ஆகவே ஐ.எஸ்.-3-ஐ விற்றுவிடுவது, அதில் உள்ள ராம்மரைக் கழற்றிப் புதுசில் மாட்டுவது என்பது அவன் திட்டம்.

ராம்மரின் விலையைக் கணக்குக்கு 5 லட்சம் கிரெடிட் என்று வைத்துக்கொண்டோம். ஒரு ஆட்டத்தில் குண்டு, ரிப்பேர் செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு? கீழ்ப்படி வண்டியில் ஆடினால் சராசரி 12,500 என்றான். அப்படியானால் ராம்மர் என்பது 40 ஆட்டம். காத்திருப்பதையும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம். 400 நிமிஷம். அதாவது 6 மணி 40 நிமிஷம். உடைத்து எடுத்தால் நஷ்டம் அவ்வளவு. கழற்றுவதற்கு 10 தங்கம். கம்பெனியின் சொந்த மாற்று விகிதப்படியே அது 4,000 கிரெடிட்தான்! ஒரு ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு வருமானம்கூட இல்லை. ஆனால் 4,000 கிரெடிட்டை எடுத்துக்கொண்டு போனால் கதவைத் திறக்க மாட்டார்கள். வால்வு அந்தப் பக்கம் திறக்காது. ரூபாய் கணக்கில் 10 தங்கம் சில ரூபாய்தான். ஆனால் பத்துத் தங்கம் என்று சில்லறையாகத் தருவதில்லை, பொட்டலமாகத்தான் விற்கிறார்கள். பொட்டலம் வாங்கினால் மீதித் தங்கம் கையில் இருக்கும். கையில் இருக்கும் தங்கம் என்ன செய்யும் என்பது கல்யாணமான அன்பர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏழு மணி நேரத்தைச் சில ரூபாய்க்குப் பணயம் வைத்து நம்மைக் கேட்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப வாங்கறதுதானே லாபம் தாத்தா?" என்றான். கணக்குப்படி லாபம்தான், அதை நான் மறுக்கவில்லை. இந்தக் கூலியை நிர்ணயித்தவன் கெட்டிக்காரன். அதிகம் வைத்தால் யாரும் கொடுக்க மாட்டார்கள், இலவசம் என்றால் யாரும் வர மாட்டார்கள். முதல் முறை பர்ஸைத் திறப்பதற்கு எவ்வளவு சின்னத் தொகை வேண்டுமோ அவ்வளவு வைத்திருக்கிறான்.

விற்பது பற்றிய பத்தி இன்னும் மோசமாக வந்தது. ஐ.எஸ்.-3-இன் விலை 25 லட்சத்தை ஒட்டி. விற்றால் பாதி. ஆறு மாதம் கழித்து ஆசைப்பட்டுத் திரும்ப வாங்கினால், போனது பன்னிரண்டரை லட்சம், 100 ஆட்டம், 16 மணி 40 நிமிஷம். நாங்கள் எஸ்டிமேட் போடும்போது, பிரித்தெடுத்த தண்டவாளம், கட்டை இவற்றின் மதிப்பை 'ரிலீஸ்டு மெட்டீரியல்' என்று வரவில் வைப்போம். அது புதுசின் விலையில் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே வரவு அதிகம் காட்டி வேலையை லாபமாகக் காட்டும் எஸ்டிமேட்டை அக்கவுண்ட்ஸ்காரர்கள் சிவப்பு மையில் திருப்பி அனுப்புவார்கள். பேரனின் திட்டத்தையும் நான் அப்படித்தான் திருப்பினேன்.

வண்டியோடு போகிறதா, ஆட்களும் இருக்கிறார்கள். டாங்க்கின் ஓட்டுநர், குண்டு போடுகிறவர் எல்லோரும் பழகப் பழகத் திறமை ஏறும். வேறு வண்டிக்கு மாற்றினால் மறுபயிற்சி. நெடுங்காலம் இருந்த விதி இது: இலவசமாகப் பயிற்றினால் திறமையில் பெரிய இழப்பு, 20,000 கிரெடிட் கொடுத்தால் சின்ன இழப்பு, 200 தங்கம் கொடுத்தால் இழப்பே இல்லை. நீராவி இஞ்சின் டிரைவர்களை டீசலுக்கு மாற்றியபோது எத்தனை மாதம் பயிற்சி கொடுத்தோம்! அவர்களுடைய திறமையைக் குறைக்காமல் இருக்க யாரும் தங்கம் கேட்கவில்லை.

இதற்குள் என் மகனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஆட்டத்தையே அழிச்சிடுங்கப்பா, ஒரு வார்த்தை பேச வேண்டாம்" என்றான். அவன் கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் பையன் அம்மாவின் போனிலிருந்து வேறொரு துப்பாக்கிச் சண்டை ஆட்டத்துக்குப் பதினோராயிரம் ரூபாய் செலவழித்து, அந்த அம்மா திரும்பக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே சாப்பாட்டு மேஜையில் பேசாமல் சாப்பிட்டோம். என் மனைவி மட்டும், ரசத்துக்கு உப்புப் போதுமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

மகனிடம் நான் சொன்னது: பையன் கேட்டுக்கொண்டு வந்தான், திருடவில்லை. அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றது தப்பு. அதற்கு அவனைக் கேள். ஆட்டத்தை அழித்தால் அடுத்த ஆட்டத்தை நமக்குத் தெரியாமல் ஆடுவான், கேட்கவும் வர மாட்டான். மகன் முழுக்க ஏற்றுக்கொண்டானா என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபூல்ஸ்கேப் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் வங்கியில் வேலை பார்க்கிறவன். 400-க்கு 1 என்ற அந்த ஒருவழி மாற்று விகிதத்தைப் பார்த்ததும் அவனுக்கே சுவாரஸ்யம் தட்டிவிட்டது.

அந்த அம்மாவின் அலைச்சலைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செய்ததைத் திரும்பப் பெறும் வழியைக் கஷ்டமாக்குவது சட்டத்தின் கண்ணிலும் பட்டிருக்கிறது. அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷன் 2022 டிசம்பரில், 'ஃபோர்ட்நைட்' சண்டை ஆட்டத்தை நடத்தும் 'எபிக் கேம்ஸ்' கம்பெனி, பிள்ளைகள் தெரியாமல் பட்டனை அழுத்தி வாங்கும்படி வைத்தது, பணத்தைத் திரும்பக் கேட்பதைச் சிரமமாக்கியது என்று குற்றம் சாட்டி, 24 கோடியே 50 லட்சம் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வைத்தது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், இணைய வியாபாரத்தில் ஆளை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு விதி வெளியிட்டது. இதோடு இன்னொன்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காசு கட்டிக் காசு ஜெயிக்கலாம் என்று ஆடும் ஆட்டங்களை நம் பார்லிமெண்ட் 2025-ல் சட்டம் இயற்றித் தடை செய்தது. டாங்க் ஆட்டத்தில் எவ்வளவு ஜெயித்தாலும் கையில் ஒரு பைசா வராது. அது அந்த வகை அல்ல.

கடைசியில் பேரன் செய்தது, எனக்கு எங்கள் பழைய இஞ்சின்களை நினைவூட்டியது. வாக்குவம் பிரேக்கிலிருந்து ஏர் பிரேக்குக்கு ரயில்வே மாறிய வருஷங்களில், வண்டி எந்த வகையானாலும் இழுக்க வேண்டும் என்பதற்காக டீசல் இஞ்சின்களில் இரண்டு வகை பிரேக்கும் வைத்திருந்தோம். இரட்டைப் பராமரிப்பு, இரட்டைத் தலைவலி. ஆனால் எந்தப் பக்கமும் போகலாம். அவனும் ஐ.எஸ்.-3-ஐ விற்கவில்லை. ராம்மரையும் அதிலேயே விட்டுவிட்டு, டி-10-க்காகக் கீழ்ப்படி வண்டியில் ஆடிக் கிரெடிட் சேர்த்தான். ஆட்டத்தில் சில பணிகளை முடித்தால் பரிசாகக் 'கழற்றும் கிட்' ஒன்று தருவார்கள், அதைக் கொண்டு தங்கம் இல்லாமலே சாமானைக் கழற்றலாம் என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். ஒன்பதாவது நாள் அது கிடைத்தது. கிடைத்த பிறகு ராம்மரைக் கழற்றினானா என்றால், இல்லை. "இருக்கட்டும் தாத்தா, எப்ப வேணும்னாலும் கழட்டலாம்" என்கிறான்.

என் போனில் இன்னும் எதுவும் வாங்கவில்லை. பதிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம் பூனாவிலிருந்து 120 கிலோமீட்டர் தூரத்தில், முன்பு அகமத்நகர் என்று இருந்த அகில்யாநகரில், 1994-ல் திறந்த கவால்ரி டாங்க் மியூசியம் இருக்கிறது. திரையில் பார்த்த வண்டிகளின் இரும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எது போல்ட், எது ரிவெட் என்று நான் காட்ட வேண்டும் என்கிறான். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். மகனும் வருகிறான். வண்டியில் மூன்று இடம் காலி. பேரப் பிள்ளைகளோடு வர விரும்பும் அன்பர்கள் சங்க நூலகத்தில் சொல்லி வைக்கலாம். கட்டுச்சாதம் எங்கள் வீட்டிலிருந்து.